செத்தவீட்டுக்கு முந்திய நாட்கள்

எமது கிராமங்களில் எந்தச் சங்கம் செயலிழந்து போனாலும் மரண உதவிச் சங்கம் மட்டும் உயிரோடு இருக்கும். மற்றக் கூட்டங்களுக்கு ஆள் சேராத ஊரிலும் இதன் மாதச் சந்தா தவறாமல் கட்டப்படும். ஒரு வீட்டில் சாவு விழுந்ததும் கதிரைகள் வந்து இறங்கும், கொட்டகை எழும்பும், ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி கட்டப்படும், அயல்வீட்டில் தேநீருக்கு அடுப்பு மூட்டப்படும். யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை. சாதாரண மக்கள், வெளியார் உதவியின்றித் தாமே உருவாக்கித் தாமே நடத்தும் அமைப்புகளுள் இது மிகச் சிறந்த ஒன்று.

ஆனால் அந்தக் கதிரைகள் வந்து இறங்குவதற்கு முந்திய ஆறு மாதங்களில் அவ்வீட்டில் என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை. புற்றுநோயாலோ, சிறுநீரகம் செயலிழந்தோ, பாரிசவாதத்தாலோ படுக்கையில் விழுந்த ஒருவர் அறை மூலையில் கிடந்திருப்பார். மனைவியோ மூத்த மகளோ இரவு பகலாக ஒற்றை ஆளாய் நின்று பராமரித்திருப்பார். தொடக்கத்தில் தோடம்பழமும் நெஸ்டமோல்ட் பெட்டியுமாக வந்து பார்த்தவர்கள், நாட்செல்ல வருவதைக் குறைத்திருப்பார்கள். அதற்குக் காரணம் அன்பின்மை அல்ல. சாகப்போகும் ஒருவரோடு என்ன கதைப்பது என்று தெரியாமையே காரணம்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. சாவுக்குப் பின் கைகொடுக்கத் தெரிந்த கிராமத்தால் சாவுக்கு முன்னும் கைகொடுக்க முடியும். அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. கொஞ்சம் அறிவும், சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளும் துணிவுமே தேவை.

"அவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ"

கிளினிக் வாசலில் பிள்ளைகள் வைத்தியரிடம் இரகசியமாகச் சொல்லும் வார்த்தை இது. கேட்டால் அப்பா மனமுடைந்து போவார் என்ற பயத்தினால் சொல்கிறார்கள். அன்பிலிருந்துதான் அது பிறக்கிறது. ஆனால் அதன் விளைவு என்ன?

அமெரிக்கச் சமூகவியலாளர்களான கிளேசர், ஸ்ட்ராவுஸ் ஆகிய இருவரும் வைத்தியசாலைகளில் இறந்துகொண்டிருந்தோரையும் அவர்களைச் சூழ இருந்தோரையும் நீண்டகாலம் அவதானித்து 1965 இல் ஒரு நூலை வெளியிட்டனர். அவர்கள் நான்கு நிலைகளைக் கண்டார்கள். ஒன்று, நோயாளிக்கு மட்டும் எதுவும் தெரியாத நிலை. இரண்டு, அவர் சந்தேகிக்கும் நிலை. மூன்று, இரு பகுதியாருக்கும் உண்மை தெரிந்திருந்தும் தெரியாததுபோல் நடிக்கும் நிலை. நான்கு, இரு பகுதியாரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் நிலை.

எமது வீடுகளில் பெரும்பாலும் நடப்பது மூன்றாவதே. தன் உடல் உருகுவதை நோயாளி தானே காண்கிறார். பிள்ளைகள் அழுத முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே வருவதையும் காண்கிறார். "தை பிறக்க எழும்பி நடப்பியள் அப்பா" என்கிறாள் மகள். "ஓம் பிள்ளை" என்கிறார் அவர். இருவருக்கும் அது பொய் என்று தெரியும். மகளைக் காப்பாற்ற அப்பாவும், அப்பாவைக் காப்பாற்ற மகளும் நடிக்கிறார்கள். இருவரும் தனித்தனியே அழுகிறார்கள்.

இந்த நடிப்பு நீடிக்கும்போது பல காரியங்கள் நடவாமற் போகின்றன. காணி உறுதி எங்கே இருக்கிறது, யாரிடம் எவ்வளவு கொடுக்கல் வாங்கல் உண்டு என்பவை சொல்லப்படுவதில்லை. வேலிச் சண்டையில் பல வருடம் பேசாமலிருந்த தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவும் முடிவதில்லை. "எனக்குப் பயமாயிருக்கு" என்று சொல்லக்கூட ஆள் இல்லாமற் போகிறது.

சுவிற்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளமருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-றொஸ், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளர்களிடமே சென்று உட்கார்ந்து பேசியவர். 1969 இல் வெளிவந்த அவரது நூல் மறுத்தல், கோபம், பேரம் பேசுதல், சோர்வு, ஏற்றல் என ஐந்து நிலைகளைக் கூறிற்று. இவை படிக்கட்டுகள்போல ஒழுங்காக வருபவை அல்ல என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். ஒருவர் காலையில் ஏற்றுக்கொண்டு மாலையில் கோபிக்கலாம். இன்னொருவரிடம் சில நிலைகள் வராமலே போகலாம். ஆகவே "அப்பா இப்போது எந்தப் படியில் நிற்கிறார்" என்று அளந்து பார்ப்பது பயனற்றது. அந்நூலின் நிலையான பயன் வேறு. சாகப்போகிறவரிடமே கேட்கலாம், அவர் பேசுவார், பேச விரும்புகிறார் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

அதற்காக உண்மையை ஒரேயடியாகப் போட்டுடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதுவும் கொடுமையே. முதலில் கேட்க வேண்டும். "வருத்தத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டால், அவருக்கு எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பது தெரியவரும். அறிய விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. அது அவரது உரிமை. ஆனால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. "வருத்தம் மாறாது போலத்தான் தெரியுது. ஆனால் நோகவிடமாட்டம், தனிய விடமாட்டம்" என்ற பதிலில் உண்மையும் இருக்கிறது, ஆறுதலும் இருக்கிறது.

இப்படிப் பேசினால் நோயாளி சீக்கிரம் செத்துப்போவார் என்ற பயம் ஆதாரமற்றது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2010 இல் வெளிவந்தது. வழமையான சிகிச்சையோடு, ஆரம்பத்திலிருந்தே வலி தணிப்பு, நோயைப் பற்றிய உரையாடல், விருப்பங்களைக் கேட்டறிதல் என்பனவும் ஒரு பகுதியினருக்குக் கிடைத்தன. அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுஞ்சிகிச்சைகளும் குறைந்தன. ஆயினும் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மாதங்கள் கூடுதலாகவே வாழ்ந்தார்கள்.

வலி விதியல்ல

"புற்றுநோய் என்றால் நோகத்தானே செய்யும்" என்று எம்மவர் சொல்வதுண்டு. இது தவறு. தாதியாகவும், சமூகப் பணியாளராகவும், பின்னர் வைத்தியராகவும் விளங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967 இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கினார். சாகும் நோயாளரின் பராமரிப்பு ஒரு தனித்துறையாக வளர்ந்தது அங்கிருந்துதான். வலி கேட்டபின் மருந்து கொடுப்பதல்ல, வலி வருமுன் மணிக்கணக்குப்படி கொடுப்பதே முறை என்பதை அவர் நிலைநாட்டினார். உடல்வலி, மனவலி, குடும்பக் கவலை, ஆன்மீகக் கேள்வி ஆகிய நான்கும் சேர்ந்ததே முழு வலி என்பதும் அவரது போதனை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது மாத்திரை மட்டும் எப்படி வேலை செய்யும்?

உலக சுகாதார நிறுவனம் 1986 இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகளைக் கொண்ட எளிய முறையை வகுத்தது. பரசிற்றமோல் போன்றவை முதற்படி. கடும்வலிக்கு மோர்பின் கடைசிப்படி. மோர்பின் என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். வைத்தியரின் மேற்பார்வையில் வலிக்காகக் கொடுக்கப்படும் மோர்பினால் அடிமைத்தனம் உண்டாவது அரிது. சரியான அளவில் கொடுக்கப்படும்போது அது சாவை விரைவுபடுத்துவதுமில்லை. மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கு மருந்தை முதல்நாளிலேயே கேட்டு வாங்க வேண்டும். நோயாளி வலியால் நித்திரையின்றித் தவித்தால், "இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு வீடு திரும்பாதீர்கள். "நோவைக் குறைக்க என்ன செய்யலாம்?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். நோயை மாற்ற முடியாதபோதும் நோவைக் குறைக்கலாம்.

எதுவரை வைத்தியம்?

மருந்துக்குப் பணம் வேண்டாத நாடு எங்களது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் வீடுகள் கடனில் மூழ்குகின்றன. கொழும்புக்கு வாகனம், தனியார் வைத்தியசாலை, தங்கும் செலவு, தோட்டை அடகு வைத்தல், ஈற்றில் காணித்துண்டு. பலன் கிடைக்குமென்றால் காணி பெரிதல்ல. ஆனால் பலன் இல்லை என்று வைத்தியர் சொன்ன பின்னரும், "பிள்ளைகள் ஒன்றும் செய்யவில்லை என்று ஊர் சொல்லும்" என்பதற்காகவே பல பயணங்கள் நடக்கின்றன. அந்தப் பயணத்தில் நோயாளியின் விருப்பத்தைக் கேட்டவர் யார்?

இங்கே இன்னொரு குரலும் சேர்கிறது. கனடாவிலோ, லண்டனிலோ, சுவிஸிலோ இருந்து வரும் தொலைபேசி அழைப்பு. "எவ்வளவு செலவென்றாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்கோ." தூரத்தில் இருப்பவரின் குற்றவுணர்வு அவ்வாறு பேச வைக்கிறது. இது எமக்கு மட்டும் உரிய குணமல்ல. தூரத்திலிருந்து கடைசியில் வந்து இறங்கி, எல்லாச் சிகிச்சையும் வேண்டுமென வற்புறுத்தும் உறவினருக்கு அமெரிக்க வைத்தியர்கள் 'கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பழிப்பதில் பயனில்லை. நோயாளி பேசக்கூடிய நாட்களிலேயே அவரையும் தொலைபேசியில் சேர்த்துக்கொண்டு பேசிவிடுவதே வழி.

பெரிய சிகிச்சை எதற்கும் சம்மதிக்குமுன் வைத்தியரிடம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இச்சிகிச்சையால் நோய் மாறுமா, அல்லது நாட்கள் மட்டும் கூடுமா? கூடும் நாட்கள் எப்படிப்பட்டவையாக இருக்கும்? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? அப்போது அவரை நோவின்றி வைத்திருக்க என்ன செய்வீர்கள்? நோயாளியிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும். உங்களுக்கு இப்போது எது முக்கியம்? கடைசிக் காலத்தை எங்கே கழிக்க விரும்புகிறீர்கள்?

சிகிச்சையை நிறுத்துவது கொலையாகாதா, பாவமாகாதா என்று சிலர் கலங்குகிறார்கள். இரண்டையும் வேறுபடுத்த வேண்டும். உயிரைப் போக்குவதற்காக மருந்து கொடுப்பது எமது நாட்டின் சட்டப்படி குற்றம். பலனற்றதும் பெருஞ்சுமையானதுமான சிகிச்சையை வேண்டாமென்று விடுவது அதுவல்ல. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 இல் வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் இவ்வேறுபாட்டை விளக்கினார். சாதாரண வழிகளால் உயிரைப் பேணுவது கடமை. தனக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாள எவரும் கடமைப்பட்டவரல்லர் என்றார் அவர்.

கடைசி நாட்களில்

சாவு நெருங்கும்போது உடல் என்ன செய்யும் என்பது முன்பு ஆச்சிமாருக்குத் தெரிந்திருந்தது. இன்று பலர் வைத்தியசாலைகளில் சாவதால் அந்த அறிவு அருகிவிட்டது. ஆகவே சிலவற்றை இங்கு சொல்லி வைக்கிறோம்.

பசி குறையும். சாப்பிடாததால் அவர் சாகவில்லை. சாவதால் சாப்பிடாமல் விடுகிறார். வலிந்து ஊட்டினால் புரையேறும். ஈரத்துணியால் உதட்டையும் வாயையும் நனைத்தால் போதும். சேலைன் ஏற்றினால் தெம்பு வரும் என்று நம்புகிறோம். அந்நேரத்தில் அது காலில் வீக்கத்தையும் நெஞ்சில் சளியையும் கூட்டக்கூடும். மூச்சு விட்டுவிட்டு வரும். தொண்டையில் கரகரச் சத்தம் கேட்கும். கேட்பவருக்குப் பயங்கரமாக இருந்தாலும், நினைவிழந்தவருக்கு அது பெரும்பாலும் வேதனை தருவதில்லை. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் குறையும்.

நினைவு தப்பியவருக்கும் கேட்கும் என்று எம்முன்னோர் சொல்வார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வு, சாவுக்குச் சில மணிநேரமே இருந்து, அசைவற்றுக் கிடந்த சிலரின் மூளை ஒலிகளுக்கு இசைவு காட்டியதைக் கண்டது. ஆகவே தலைமாட்டில் நின்று செலவைப் பற்றியும் காணியைப் பற்றியும் வாக்குவாதப்படாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். அவர் விரும்பிய பாட்டையோ செபத்தையோ தேவாரத்தையோ மெல்லச் சொல்லுங்கள்.

முப்பத்தொன்றுக்குப் பிறகு

துக்கத்துக்கு எமது வழக்கம் ஒரு காலவொழுங்கை வகுத்திருக்கிறது. எட்டுச்செலவு, முப்பத்தொன்றில் அந்தியேட்டி அல்லது நினைவுத் திருப்பலி, பின்னர் ஆண்டுத்திவசம். அழுவதற்கு இடமும், இறந்தவரைப் பற்றிப் பேசுவதற்கு நாளும் அங்கே உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்களான ஸ்ட்ரூபே, ஷுட் இருவரும் 1999 இல் கூறியதும் இதற்கு அண்மித்ததே. துக்கப்படுபவர் இழப்பையே எண்ணும் நேரமும், புதிய வாழ்வின் வேலைகளைப் பார்க்கும் நேரமும் மாறிமாறி வரும். இரண்டும் தேவை என்றார்கள். நேற்று அழுத விதவை இன்று சிரித்தால் "மறந்திட்டாள்" என்று சொல்வதும், மூன்றாம் மாதமும் அழுதால் "இன்னுமா?" என்று கேட்பதும் அறியாமை.

விடைகொடுக்க முடியாத சாவு எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதை நாம் அறிவோம். 2020 இல் கொவிட் தொற்றால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டுமென்ற கட்டாயம் வந்தபோது, அடக்கம் செய்யும் வழக்கமுடைய முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் பட்ட வேதனை பெரிது. 2021 இல்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. யுத்தத்தில் காணாமற் போனோரின் தாய்மாருக்கோ உடலும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. அவர்களிடம் "இனி ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கூட இருப்பதே செய்யக்கூடியது.

ஆயினும் துக்கம் நோயாக மாறுவதும் உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் அன்றாட வாழ்வு முற்றாக முடங்கி, உயிர்வாழ விருப்பமற்றுக் கிடந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவை நாடத் தயங்கக் கூடாது. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், மாதக்கணக்குப் பாராமல் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். முப்பத்தொன்றோடு எல்லோரும் போய்விடுகிறார்கள். உண்மையான தனிமை தொடங்குவது முப்பத்திரண்டாம் நாளிலேயே.

கோழிக்கோட்டில் நடந்தது

இவற்றையெல்லாம் கிராமத்தவரால் செய்ய முடியுமா? கடலுக்கு அப்பால், கேரளத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். கோழிக்கோடு அரசாங்க மருத்துவக் கல்லூரியில் 1993 இல் டொக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் வலி தணிப்புக்காக ஒரு சிறு சங்கத்தைத் தொடங்கினர். வைத்தியசாலைக்கு வரும் நோயாளரை மட்டும் பார்த்தால் போதாது என்பதை விரைவில் உணர்ந்தார்கள். படுத்த படுக்கையானவர் எப்படி பஸ் ஏறி வருவார்?

ஆகவே 2000 ஆம் ஆண்டை அண்டி, அயலவரையே பராமரிப்பாளராக்கும் அமைப்பு வளர்ந்தது. வாரத்தில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் கொடுக்கக்கூடிய எவரும் தொண்டராகலாம். ஆசிரியர், கடைக்காரர், மாணவர் எனப் பலர் சேர்ந்தனர். அவர்களுக்கு 16 மணித்தியால வகுப்பும், நான்கு நாள் செயல்முறைப் பயிற்சியும். படுக்கைப்புண்ணைத் தடுத்தல், உடல் துடைத்தல், செவிமடுத்தல், வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்த்தல் அவர்களின் வேலை. மருந்தும் ஊசியும் தாதிக்கும் வைத்தியருக்கும் உரியவை. பணத்தின் பெரும்பகுதி ஊராரின் சிறுசிறு நன்கொடைகளாகச் சேர்ந்தது. 2008 இல் கேரள அரசு இதனைத் தனது கொள்கையாக ஏற்றது. பின்னர் கிராம பஞ்சாயத்துகளே வீடுவீடாகச் செல்லும் தாதியரை அமர்த்தின.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இத்தகைய பராமரிப்பு தேவைப்படும் மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பேருக்கே அது கிடைக்கிறது. எமது சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கான தேசியத் திட்டவரைபு ஒன்றை வகுத்தது. மகரகமவில் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் உண்டு. தெல்லிப்பழையில், 2011 இல் நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனைவரை மக்கள் நடந்து சேர்த்த நிதியால் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க அயல்வீடுதான் வரமுடியும்.

நாம் செய்யக்கூடியவை

மரண உதவிச் சங்கங்கள் தமது அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றை ஆராயலாம்:

1. ஊரில் படுக்கையில் உள்ளோர் யார், அவர்களைப் பார்ப்போர் யார் என ஒரு பட்டியல் எடுத்தல்.

2. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தொண்டர்களை நியமித்தல். வாரத்தில் ஒருநாள் பராமரிப்பவருக்கு ஓய்வு கொடுத்தாலே அது பெரிய உதவி.

3. சந்தாவில் ஒரு பகுதியை ஒதுக்கி, சாய்கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, கழிப்புச்சட்டி என்பவற்றை வாங்கி வைத்தல். கதிரைகளைப் போல இவையும் வீடு வீடாகப் போய்த் திரும்பி வரட்டும்.

4. பிரதேச வைத்தியசாலை வைத்தியரையோ தாதியையோ அழைத்து, பராமரிப்புப் பற்றி ஒருநாள் பயிற்சி பெறுதல்.

5. கிளினிக்குக்குப் போகும் வாகனச் செலவுக்குச் சிறு நிதி வைத்தல்.

6. முப்பத்தொன்றின் பின், ஒரு வருடம்வரை மாதத்துக்கு ஒருமுறை அவ்வீட்டுக்குச் சென்று வருதல்.

இவற்றுள் எதற்கும் புதிய சங்கம் தேவையில்லை. உள்ள சங்கம் தன் வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்கினால் போதும்.

கலந்துரையாடலுக்கு:

எமது ஊரில் இன்று படுக்கையில் இருப்போர் எத்தனை பேர்? அவர்களை நாம் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம்?

நோயாளியிடம் உண்மையை மறைப்பதால் யாருடைய பயம் குறைகிறது: அவருடையதா, எம்முடையதா?

எமது கடைசி நாட்களை எங்கே, எப்படிக் கழிக்க விரும்புகிறோம் என்று வீட்டாரிடம் நாம் சொல்லியிருக்கிறோமா?